பள்ளி மடல்: உள்ளே இருப்பவருக்கான செய்தி

ஜூன் மாதம் எந்த ஊர் மெட்ரிக் பள்ளி வாசலுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கேட்டுக்கு மேலே பத்தடி அகலத்தில் ஃபிளெக்ஸ். நடுவில் தாளாளர், ஓரத்தில் முதல்வர், கீழே அஞ்சல்தலை அளவில் வரிசையாகப் பிள்ளைகளின் முகம், முகத்துக்குக் கீழே மதிப்பெண். ஒரு மூலையில் ‘100 சதவீதத் தேர்ச்சி’, இன்னொரு மூலையில் ‘சேர்க்கை நடைபெறுகிறது’. அந்தப் பலகையைக் குறை சொல்வதற்கில்லை. தெருவில் போகிறவரை நிறுத்துவது அதன் வேலை, அதைச் செய்கிறது. அதே பலகையைச் சுருக்கி, நாலு பக்கமாக மடித்து, ‘பள்ளி மடல்’ என்று பெயர் வைத்து மாதாமாதம் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பையைத் திறந்து பார்க்கிறவர் ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்தவர். முதல் பருவக் கட்டணம் கட்டி, சீருடைத் துணி வாங்கி, தையற்காரரிடம் இரண்டு முறை நடந்தும் முடித்திருப்பார். அவரிடம் போய் மறுபடியும் பள்ளியை விற்க வேண்டிய அவசியம் இல்லை. மடலின் வாசகர் உள்ளே இருப்பவர் என்ற இந்த ஒன்றைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வருகிறேன். எதைப் போடுவது, எதை விடுவது, எந்த மொழியில் எழுதுவது, கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு விடையும் இதிலிருந்தே கிடைக்கும். இந்த வேலை பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில்தான் விழுகிறது. ‘ஐயாவுக்குத்தான் நல்லா எழுத வரும்’ என்று சொல்லிக் கட்டிவிடுவார்கள். அந்த ஐயாவையும் அம்மாவையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பவருக்குத் தேர்ச்சி சதவீதம் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். தெரிய வேண்டும், ஒரு வரியில். அதற்கு மேல் அது ஏன் தேவையில்லை என்பதற்கு நம் மாநிலத்தின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு முன்பு தனிப் பாடத்திட்டமும் தனித் தேர்வும் இருந்தன. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதை நிறுத்திவைக்க நடந்த முயற்சி உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட்டில் அந்த ஆண்டே நடைமுறைப்படுத்தும்படி தீர்ப்பானது. அன்றிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளையும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடநூல், எழுதுவது ஒரே தேர்வு. 2017 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்தபோது மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு விட்டுவிட்டது. பிள்ளைகள் மீது விழும் அழுத்தமும் ஆரோக்கியமற்ற போட்டியும் குறைய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நூல் ஒன்று, தேர்வு ஒன்று, தரவரிசையும் இல்லை என்றால் ஒரு சுயநிதிப் பள்ளிக்கும் அடுத்த தெருப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? அன்றாட நடப்பில் இருக்கிறது. நூலகத்தில் யார் என்ன எடுத்தார்கள், ஆய்வகத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே செய்முறை நடந்தது, மதிய உணவு இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம்தான் ஒரு பள்ளியை அந்தப் பள்ளியாக்குகின்றன. அவற்றை ஃபிளெக்ஸில் போட முடியாது, மடலில் போடலாம்.

இதற்குத் தாளாளர் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. ‘நாங்கள் அரசு உதவி பெறாத பள்ளி. சம்பளம், பேருந்துக் கடன், கட்டடப் பராமரிப்பு எல்லாம் கட்டணத்தில்தான் ஓடுகிறது. அந்தக் கட்டணத்தையும் எங்கள் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எல்.கே.ஜி. சேர்க்கை இருபது குறைந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த ஓட்டை நகர்ந்துகொண்டே போகும். விளம்பரத்துக்கு வாய்ப்புள்ள நாலு பக்கத்தை வீணாக்கச் சொல்கிறீர்களா?’ இதில் எந்த வாக்கியமும் பொய்யில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் சேர்க்கை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஃபிளெக்ஸைப் பார்த்து வருகிறவர், படிவம் வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். ‘உங்க பொண்ணு அங்கதானே படிக்குது, எப்படி இருக்கு?’ என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் சேர்க்கை தீர்மானமாகிறது. அவர் கையில் ஒன்றுமே இல்லையென்றால் ‘பரவாயில்லை’ என்பார். பேருந்து தாமதமானதையும் ஏன் தாமதமானது என்பதையும் பள்ளி எழுதி அனுப்பியிருந்தால், ‘எதுன்னாலும் சொல்லிடுவாங்க’ என்பார். இந்த இரண்டு பதில்களில் எது இடத்தை நிரப்பும் என்பது தாளாளருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மடலை விளம்பரமாக்கினால் உள்ளே இருப்பவர் படிப்பதை நிறுத்திவிடுவார். வெளியே இருப்பவர் கைக்கோ அது போவதே இல்லை. யாருக்கும் பயன்படாத விளம்பரத்துக்குக் காகிதச் செலவு எதற்கு?

எழுத்துக்கு வருவோம். நம் பள்ளிகளில் விழாச் செய்தி எழுத ஓர் அச்சு வார்த்து வைத்திருக்கிறோம். ‘எமது பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா வெகு விமரிசையாக நடைபெற்றது. தாளாளர் தலைமை தாங்கினார். முதல்வர் முன்னிலை வகித்தார். காவல் ஆய்வாளர் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டு வெற்றி பெற்ற மாணவ மாணவியருக்குப் பரிசுகள் வழங்கிச் சிறப்பித்தார். உடற்கல்வி ஆசிரியர் நன்றி கூறினார். நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது.’ ஆறு வாக்கியம். விளையாட்டு விழா என்று பெயர், ஆனால் ஒருவரும் ஓடவில்லை, தாண்டவில்லை, வியர்க்கவில்லை. விருந்தினரின் பதவியை மட்டும் மாற்றினால் இதே செய்தியை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பல பள்ளிகளில் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். மேடையில் இருந்தவர்களின் வரிசையை எழுதிவிட்டால் யார் மனமும் புண்படாது என்ற பாதுகாப்பு உணர்வுதான் இந்த அச்சைக் காப்பாற்றி வருகிறது. அதே விழாவை உள்ளே இருப்பவருக்காக எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்: ‘சனிக்கிழமை விடியற்காலை பெய்த மழையில் ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோடு கரைந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியரும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேரும் மறுபடி கோடு போட்டார்கள். பத்து மணி ஓட்டம் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. தொடர் ஓட்டத்தில் நீல அணி பேட்டனைக் கீழே விட்டு எடுத்தும் இரண்டாவதாக வந்தது. மாணவியருக்கான 1500 மீட்டர் ஓட்டம் இந்த ஆண்டுதான் முதன்முறையாக வைக்கப்பட்டது. 14 பேர் பெயர் கொடுத்தார்கள், 11 பேர் ஓடி முடித்தார்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம் இன்னும் காயாததால் குண்டு எறிதல் வரும் வியாழன் மாலை 3.30க்கு நடக்கும். காவல் ஆய்வாளர் பரிசு வழங்கினார்.’ இதிலும் ஆய்வாளர் இருக்கிறார், தன் இடத்தில் இருக்கிறார். இதைப் படிக்கும் தாய் வீட்டில் மகளிடம் ‘நீ அந்தப் பதினொன்றில் ஒருத்தியா?’ என்று கேட்க முடியும். மடலில் போகும் ஒவ்வொரு செய்திக்கும் இந்தச் சோதனையை வையுங்கள். படித்த பெற்றோர் பிள்ளையிடம் ஒரு கேள்வியாவது கேட்பாரா? அல்லது நாளைக் காலை ஒரு காரியத்தையாவது மாற்றிச் செய்வாரா? இரண்டும் இல்லை என்றால் அது செய்தியே இல்லை, எவ்வளவு பெரிய விருந்தினர் வந்திருந்தாலும் சரி.

இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால், இதுவரை மடலுக்கு வெளியே இருந்த பல விஷயங்கள் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். பாதுகாப்புதான் அவற்றில் தலையானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, அடுப்படி, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் திணிக்கப்பட்ட வகுப்புகள் என்று பிறகு பேசப்பட்ட ஒவ்வொன்றும் அந்தக் கட்டடத்தில் தினமும் கண்ணுக்குத் தெரிந்தபடி இருந்தவைதாம். 2012 ஜூலையில் சென்னையை அடுத்த ஒரு பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் தொடர்ச்சியாகப் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே அந்த ஆண்டில் மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இன்று கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை இல்லாமல் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. கோடை விடுமுறையில் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் கூட்டாகப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். இந்தச் சான்றுகளெல்லாம் முதல்வர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன, மடலில் ஒரு வரிகூட வருவதில்லை. எந்தச் சான்று எந்தத் தேதி வரை செல்லும், ஆய்வில் எத்தனை பேருந்து முதல் நாளே தேறியது, எதைச் சரிசெய்யச் சொன்னார்கள், சரிசெய்தாயிற்றா என்பதை ஜூன் இதழில் கால் பக்கம் எழுதுங்கள். அவசரக் கதவு இறுகியிருந்தது, மாற்றினோம் என்று எழுதினால் பள்ளியின் மானம் போய்விடாது. கதவைத் திறந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்றுதான் பெற்றோர் புரிந்துகொள்வார்கள்.

அரசின் முடிவுகளை வீட்டு மொழிக்குக் கொண்டுவருவதும் மடலின் வேலைதான். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகின்றன என்ற குற்றச்சாட்டு நெடுநாள் இருந்தது. அதை ஒட்டித்தான் 2017-18இல் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது கைவிடப்பட்டது. செய்தித்தாளில் இது ஒரு நாள் தலைப்பு. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கோ ஒரு வருடத்துக் கேள்வி. இனி பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை நம் பள்ளி முழுதாக நடத்துமா, ஆண்டுத் தேர்வுத் தாளை யார் திருத்துவார், தோற்ற பிள்ளைக்கு என்ன வழி என்பதை எந்தச் செய்தித்தாளும் சொல்லாது. பள்ளிதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வரும். அது ஆசிரியருக்கு நல்லதுதான். எழுதிக் கொடுத்த பள்ளியில் பாடத்தை விழுங்கச் சொல்லி யாரும் அவரை நெருக்க முடியாது.

கெட்ட செய்திக்கு வந்தால் மறுப்பு இன்னும் வலுவாக எழும். ‘நாமே எழுதி நாமே கெடுத்துக்கொள்வதா? கேட்டவருக்கு மட்டும் சொன்னால் போதாதா?’ என்பார்கள். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பு இந்த வாதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. இன்று ஒவ்வொரு வகுப்புக்கும் பெற்றோர் குழு இருக்கிறது, பள்ளி நடத்துவது ஒன்று, பள்ளிக்குத் தெரியாமல் ஓடுவது ஒன்று. பேருந்து லாரியில் உரசினால் பிள்ளைகள் இறங்கி முடிப்பதற்குள் படம் வந்துவிடும். படத்துக்குக் கீழே ‘டிரைவர் போன்ல பேசிட்டிருந்தாராம்’ என்று ஒருவர் போடுவார், பத்து நிமிடத்தில் அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டதாகச் சுற்றும் போலிச் செய்திகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்ற ஆண்டின் அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள், காலை ஆறரை மணிக்குப் பாதிப் பேர் பிள்ளையை எழுப்புவதில்லை. வதந்தி பரவுவதற்குப் பள்ளியின் மீது வெறுப்பு எதுவும் காரணம் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் பள்ளியிடமிருந்து ஒரு வரியும் வராததுதான் காரணம். ஆகவே கெட்ட செய்தியை மாத மடல் வரை தள்ளாமல், அன்றே குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு மடலில் முழு விவரம் எழுதுவது நல்ல முறை. குறுஞ்செய்தி இப்படி இருக்கலாம்: ‘7ஆம் எண் பேருந்து இன்று மாலை 4.40க்கு பைபாஸ் சந்திப்பில் லாரி ஒன்றின் பின்புறம் உரசியது. உள்ளே 31 பிள்ளைகள் இருந்தார்கள். இருவருக்கு நெற்றியில் சிராய்ப்பு. முதலுதவி பெற்று வீடு திரும்பிவிட்டார்கள். அவர்களின் பெற்றோரிடம் பேசிவிட்டோம். மற்றவர்கள் 5.30க்குள் வேறு பேருந்தில் வீடு சேர்ந்தார்கள். நாளை அந்தத் தடத்துக்கு 4ஆம் எண் பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வரும். எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் எழுதுவோம்.’ இதில் ‘வருந்துகிறோம்’ என்றுகூட இல்லை, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன, இப்போது எங்கே, நாளை எப்படி என்ற நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை எழுதாமல் விட்டால், முதலிலேயே ஒன்றும் அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். உள்ளே இருப்பவருக்காக எழுதுகிறோம் என்றால், உள்ளே இருக்கும் பிள்ளையின் முகமும் நமக்கு நினைவிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் சேர்ந்த பிள்ளைகள் பல பள்ளிகளில் இப்போது நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் தரும் இலவசக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் தொடங்குகிறது. ஏப்ரல் கடைசியில் கட்டண அட்டையைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பமும் இருக்கும். ஏழாம் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனாலும் மடலில் வரவே கூடாத செய்தி, ஏனென்றால் அச்சில் வந்தால் யார் அந்தப் பிள்ளைகள் என்று வகுப்பே எண்ணிப் பார்க்கும். முதல்வர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. பாலியல் குற்றம் பற்றிய புகார் வந்தால் விதி இன்னும் கடுமையானது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர்’ என்று பெயரில்லாமல் எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது பேர் வகுப்பில் அது பெயர் சொன்னதற்குச் சமம். உதவிக்கு அழைக்க 1098, 14417 ஆகிய எண்களை எல்லா இதழிலும் கடைசிப் பக்கத்தில் போடுங்கள், ஏதோ நடந்த மாதத்தில் மட்டும் புதிதாகப் போடாதீர்கள். படங்களுக்கும் இனி கவனம் தேவை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி, அச்சு மடலுக்கு ஒரு ஒப்புதல், இணையத்தில் போடுவதற்குத் தனி ஒப்புதல் என்று பிரித்து வாங்கிவிடுவது நல்லது. ‘வேண்டாம்’ என்று எழுதிய பெற்றோரின் பிள்ளையை வகுப்புப் படத்திலிருந்து நகர்ந்து நிற்கச் சொல்லும் கொடுமையை மட்டும் செய்யாதீர்கள். தூரத்திலிருந்து, முதுகுப் பக்கமிருந்து, கைகளை மட்டும் காட்டி எடுக்கும் படங்கள் பல சமயம் முகப் படங்களைவிட நன்றாக அமையும்.

மொழி பற்றி ஆங்கில வழிப் பள்ளிகளில் ஒரு தயக்கம் இருக்கிறது. பயிற்றுமொழி ஆங்கிலம், ஆகவே வீட்டுக்குப் போகும் தாளும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் கௌரவம், பெற்றோர் இதற்காகத்தானே பணம் கட்டுகிறார்கள் என்பார்கள். அவர்கள் பணம் கட்டுவது பிள்ளை ஆங்கிலம் படிக்க. தாங்கள் சுற்றறிக்கை படித்துத் திண்டாட அல்ல. மாலையில் பையைத் திறப்பவர் பல வீடுகளில் பாட்டி. அல்லது இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வரும் அப்பா. ‘டியர் பேரன்ட்ஸ்’ என்று தொடங்கும் தாளைப் பிள்ளையே படித்துச் சொல்கிறது, தனக்குச் சாதகமான பகுதியை மட்டும் சொல்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருந்தும் பள்ளிகள் அழைப்பை எந்த மொழியில் அனுப்பினோம் என்று ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் வேண்டுமென்றால் பின்பக்கத்தில் சுருக்கமாகப் போடுங்கள். உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ள ஊர்களில் முக்கியமான அறிவிப்பையாவது அந்த மொழியிலும் தருவது பெரிய வேலை இல்லை. எழுதித் தரக்கூடிய பெற்றோர் அங்கேயே இருப்பார்கள்.

‘நேரம் ஏது? வாரத்துக்கு முப்பது பீரியடு, அதற்கு மேல் நோட்டுத் திருத்தம், அதற்கு மேல் இதுவா?’ இந்தப் புலம்பலுக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. மடல் எழுதும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு பீரியடு குறைத்துத் தராத நிர்வாகம் நல்ல மடலை எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு மேல் செய்யக்கூடியது, எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பது. பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு ஆண்டுகள். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளிலிருந்து ஏழெட்டுப் பேரைச் சேருங்கள். நன்றாகக் கட்டுரை எழுதுகிறவர்களை மட்டும் எடுக்காதீர்கள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்றுதான் தொடங்கும். வகுப்பில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, யார் வீட்டில் என்ன என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை நல்ல செய்தியாளராகும். அவர்களுக்கு முதலில் எழுதச் சொல்லித் தர வேண்டாம். எண்ணவும் பெயர் கேட்கவும் சொல்லித் தாருங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், இனிஷியல் என்ன, ‘ன’வா ‘ண’வா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். ஒரு பிள்ளையின் பெயரைத் தவறாக அச்சிட்ட மடல் அந்த வீட்டில் பத்து ஆண்டு நினைவிருக்கும். ஆசிரியரின் வேலை, அவர்கள் கொண்டுவந்ததிலிருந்து ‘சிறப்பாக’, ‘இனிதே’, ‘வெகு விமரிசையாக’ ஆகியவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பார்ப்பது. மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். நிர்வாகத்தைக் குறை சொல்லி எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் எழுதும் குறைகள் பெரும்பாலும் குடிநீர்க் குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், கேன்டீன் சமோசா விலை என்ற அளவில்தான் இருக்கும். அவற்றைப் போட்டு, பக்கத்திலேயே முதல்வரின் இரண்டு வரிப் பதிலையும் போட்டால் குறைப்பெட்டி வைத்ததைவிடப் பயன் அதிகம். தாழ்ப்பாளும் சீக்கிரம் மாறும்.

பள்ளி என்றால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மட்டும் இல்லை. ஆயாம்மா, வாட்ச்மேன், ஓட்டுநர், ஆய்வக உதவியாளர், அலுவலகத்தில் ரசீது போடுகிறவர் எல்லோரும் சேர்ந்ததுதான். ஆண்டு மலரின் ஆர்ட் பேப்பரில் அவர்களுக்கு ஒரு குழுப் படம் கிடைக்கும், அதுவும் கடைசிப் பக்கத்தில் ‘அலுவலர்கள்’ என்ற தலைப்பில், பெயரில்லாமல். மாத மடலில் ஒவ்வொரு முறையும் ஒருவரைப் பற்றி, அவருடைய வேலையைப் பற்றி எழுதுங்கள். அவருடைய எளிமை, அர்ப்பணிப்பு என்று போற்றிவிட்டுப் போகாதீர்கள். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கும் முன் எதையெல்லாம் சோதிக்கிறார், நிறுத்தத்தில் பிள்ளை இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று அவருக்கு உத்தரவு, அதற்கு மேல் நின்றால் அடுத்த நிறுத்தத்தில் யார் திட்டுவார்கள் என்று எழுதினால், அடுத்த நாள் காலை சில வீடுகளில் பிள்ளை இரண்டு நிமிடம் முன்பே தெருமுனைக்கு வந்து நிற்கும். ஆண்டு நடுவில் ஆசிரியர் ஒருவர் விலகிப் போவதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சுயநிதிப் பள்ளிகளில் இது சாதாரணமாக நடக்கிறது. சம்பளம் காரணமாகவோ, அரசு வேலை கிடைத்தோ, திருமணமாகியோ போகிறார்கள். காரணத்தை எழுதத் தேவையில்லை. யார் போகிறார், எந்தத் தேதியில், எந்த வகுப்புக்கு இனி யார் வருகிறார், பாடம் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதினால் போதும். மூன்று ஆண்டு கணக்கு நடத்தியவர் ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று நிர்வாகம் யோசிப்பதே இல்லை.

தவறு செய்தால் திருத்தம் போடுங்கள், இரண்டாம் பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில். ‘சென்ற இதழில் சதுரங்கப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றவரின் வகுப்பு 8-ஆ என்று வந்திருந்தது, 8-இ என்பதே சரி’ என்ற மாதிரி. அந்த இடம் காலியாக இருக்கும் மாதத்தில் ‘இம்மாதம் திருத்தம் இல்லை’ என்று போட்டுவிடலாம். ஒவ்வொரு இதழுக்கும் வரிசை எண்ணும் தேதியும் கொடுங்கள். ‘ஜூலை இதழ்’ என்று மட்டும் போட்டால் எந்த ஜூலை என்று நான்கு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் போனவை கைபேசி மாறும்போது போய்விடும். தாளில் ஐம்பது பிரதியாவது எடுங்கள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதும். கல்வியாண்டு முடிந்ததும் பத்து இதழையும் சேர்த்துப் பைண்டு பண்ணி இரண்டு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள், நூலகத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. அலுவலகத் தொகுதியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, முதல்வரின் கையெழுத்துக்காக வெளி பெஞ்சில் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்பில் தான் பேட்டனைக் கீழே விட்ட ஆண்டின் தொகுதி அதன் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கட்டும்.